இமாமுக்குப் பின்னால் நிற்பவர்கள்

ஹைதராபாத் சனத்நகரில் நாங்கள் வேலை செய்த ஆலைக்குப் பின்புறச் சந்தில் ஒரு சின்னப் பள்ளிவாசல். ளுஹர் என்னும் நண்பகல் தொழுகை. நான்காவது ரக்அத்து, அதாவது தொழுகையின் நான்காவது சுற்று, முடிந்து அமர வேண்டிய இமாம், அமராமல் எழுந்து நின்றுவிட்டார். ளுஹருக்கு நான்கு ரக்அத்துதான். ஐந்தாவது என்று ஒன்று கிடையாது. என் வரிசையில் யாரோ ஒருவர், உரக்கவும் இல்லாமல் முணுமுணுப்பாகவும் இல்லாமல், "சுப்ஹானல்லாஹ்" என்றார். அவ்வளவுதான். இறைவன் தூயவன் என்று பொருள். தப்பு என்று சொல்லவில்லை, உட்காருங்கள் என்று சொல்லவில்லை. இமாம் திரும்பிப் பார்க்கவில்லை, யார் குரல் என்று தயங்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அதற்கடுத்து நடந்ததில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நான் காயல்பட்டினத்துக்காரன், ஷாஃபி வழி. தொழுகையில் மறதி வந்தால் எங்கள் ஊரில் கடைசி அமர்வில் இரண்டு முறை நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்துவிட்டு, அப்புறம்தான் சலாம் கொடுத்து முடிப்பார்கள். ஹைதராபாதில் ஹனஃபி வழி. இங்கே வலது பக்கம் மட்டும் ஒரு சலாம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அந்த சஜ்தாக்களைச் செய்கிறார்கள். எனக்கு அது தெரியாது. இமாம் வலது பக்கம் திரும்பி சலாம் சொன்னதும், ஆயிற்று என்று நானும் வலதும் இடதும் சலாம் கொடுத்து, முகத்தைக் கையால் தடவி, எழுந்து போக முழங்காலில் கையும் ஊன்றிவிட்டேன். அந்த நேரம் பார்த்து மொத்த வரிசையும் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தது.

நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னாலும் பக்கத்திலும் முதுகுகள். ஆலைகளின் நீலச் சட்டைகள், இயந்திர எண்ணெய் வாசனை, ஒருவருடைய காலரில் ஒட்டியிருந்த இரும்புத் தூள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தின் நடுவில் ஒரு எண்ணம் சட்டென்று வந்து விழுந்தது. மறந்தவர் ஒருவர். அந்த மறதிக்கு இத்தனை பேர் நெற்றி வைக்கிறார்கள். யாரும் 'நான் சரியாகத்தான் செய்தேன்' என்று நிமிர்ந்து உட்காரவில்லை. என்னைத் தவிர.

தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டினார். "கைக்கு பைட்டே மியா?" என்றார் சிரித்துக்கொண்டே. ஏன் உட்கார்ந்துவிட்டாய் என்கிறார் என்று புரிந்தது. பதில் சொல்ல எனக்கு உருது வராது. கையை விரித்துக் காட்டினேன். அவர் முகத்தில் எனக்குப் பழகிப்போன அந்த ஆச்சரியம் வந்தது: முஸ்லிம் பையன், உருது தெரியாதா? இந்த ஊரில் பள்ளிவாசலுக்குள்ளும் நான் வெளியூர்க்காரன்தான். வெள்ளிக்கிழமை உருதுப் பிரசங்கமான பயானில் எல்லோரும் தலையாட்டும்போது அரை நொடி தாமதமாக நானும் தலையாட்டுவேன்.

ஆனால் அன்றைக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஆலைக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். எனக்கு ஒரு விடை கிடைத்துவிட்டது. குறைந்தபட்சம், கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

கேள்வி என்ன என்று சொல்ல வேண்டும். அப்போது எனக்குப் புதிதாகக் குழுத் தலைவர் பதவி கொடுத்திருந்தார்கள். எங்களுடையது சின்ன மென்பொருள் நிறுவனம். கண்ணாடிக் கட்டடம், உள்ளேயே காபிக் கடை என்பதெல்லாம் நகரத்தின் மறுகோடியில், வேறு ஆட்களுக்கு. எங்களை வால்வு தயாரிக்கும் ஓர் ஆலைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார்கள். உதிரிபாகங்கள் கிடங்குக்குள் வருவது, போவது, மிச்சம் இருப்பது எல்லாவற்றையும் கணினிக்குள் கொண்டுவருவது எங்கள் வேலை. கம்ப்ரசர் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை. கம்ப்ரசர் ஓடும்போது கத்திப் பேச வேண்டும். அது நிற்கும்போது எல்லோரும் கத்திக்கொண்டிருப்பது எல்லோருக்கும் கேட்கும்.

குழுவில் என்னைத் தவிர இரண்டு பேர். ஒருவர் சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர். என்னைவிட மூத்தவர், நிறுவனத்திலும் எனக்கு ரொம்ப முன்னால் சேர்ந்தவர். நாங்கள் எழுதும் நிரலைச் சோதித்துப் பார்ப்பவர். நான் அவரை அக்கா என்பேன். இன்னொருவன் குண்டூர்ப் பையன், நிரல் எழுதுவதில் கெட்டிக்காரன். தமிழ்ப் பாட்டுகளைப் பொருள் தெரியாமலே முழுசாகப் பாடுவான். அக்காவிடம் கற்ற தமிழில் எங்களோடு பேசுவான்.

பதவிக்கு முன்பு அக்கா என்னைத் 'தம்பி' என்பார். அவன் 'அண்ணா' என்பான். மத்தியானம் மூவரும் ஒரே மேசையில் டப்பாக்களைத் திறந்துவைப்போம். என் டப்பாவில் பெரும்பாலும் ரைஸ் குக்கர் சோறும் கடையில் வாங்கிய ஊறுகாயும்தான். அக்கா கேட்காமலே தன் மீன் குழம்பை என் சோற்றில் ஊற்றுவார். பதவி மின்னஞ்சலில் வந்த மறுநாளிலிருந்து இருவரும் என்னை 'சார்' என்றார்கள். நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். மத்தியானம் நான் டப்பாவைத் திறக்கும்போது அவர்கள் சாப்பிட்டு முடித்துக் கழுவிக்கொண்டிருப்பார்கள். யாரும் மரியாதைக் குறைவாக ஒன்றும் செய்யவில்லை. அதுதான் கஷ்டம். புகார் சொல்ல ஒன்றுமே இல்லை.

குகட்பள்ளியில் ஹவுசிங் போர்டு காலனி ஒன்றில் மாடி வீடு. என்னோடு இருந்தவன் ஆன்சைட் என்று அமெரிக்கா போய்விட்டான். அவன் கட்டில் அப்படியே கிடந்தது. கீழ்வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம், மதுரைப் பக்கம். அவர்கள் பிள்ளைகளிடம் நான் தமிழில் பேசினால் தெலுங்கில் பதில் வரும். சாயங்காலம் படியேறும்போது நாலு வீட்டுத் தாளிப்பு வாசனையைத் தாண்டி என் கதவுக்கு வந்தால் அங்கே வாசனையே இருக்காது. வெறும் சிமெண்ட் வாசனை. என்னைத் தலைவன் ஆக்கிய பிறகு, நாள் முழுக்க நான் பேசியது எல்லாம் வேலைப் பேச்சு மட்டும்தான் என்று ஒரு நாள் சாவியைத் திருப்பும்போது தோன்றியது.

நிறுவனம் எங்களைத் தலைமைப் பண்புக்கென்று ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. குளிரூட்டிய ஓட்டல் அரங்கு, வட்ட மேசை, தட்டில் பெப்பர்மிண்ட். அங்கே சொல்லிக்கொடுத்தவர் 'ஆட்களை எதிரில் நிறுத்தி கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்' என்றார். நான் பார்த்தேன். இருவரும் கண்ணைக் கணினித் திரைக்குத் திருப்பிக்கொண்டார்கள். நானும் விடவில்லை, எதையாவது செய்துகொண்டே இருந்தேன். வெள்ளைப் பலகை வாங்கினேன். காலையில் ஐந்து நிமிடக் கூட்டம் என்றேன். பிறந்தநாளுக்குக் கேக் என்றேன். கேக்கைச் சாப்பிட்டார்கள், 'தேங்க்யூ சார்' என்றார்கள்.

அதனால்தான் அந்த ளுஹர் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது. இமாம் ஆட்களை எதிரில் நிறுத்துவதே இல்லையே! அவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் ஒரே திசை. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் தடுமாறினால் பின்னால் இருக்கும் எவரும் சொல்லலாம். அதற்குப் பதவி வேண்டாம், படிப்பு வேண்டாம். பின்னால் நிற்பவருக்கு மறதி வந்தால் அதற்குத் தனியே சஜ்தா இல்லை, இமாம் அதைச் சுமந்துகொள்கிறார். இமாமுக்கு மறதி வந்தால் எல்லோரும் சேர்ந்து குனிகிறார்கள். இதெல்லாம் சின்ன வயதில் மதரஸாவில் ஓதிய பாடம்தான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன், மார்க் வாங்கினேன். ஆட்களை நடத்துவதைப் பற்றிய பாடம் அதற்குள் இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அறைக்குள் போனதும் மூச்சு வாங்கப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

"அக்கா, ஒரு ஐடியா."

"சொல்லுங்க சார்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இமாம் எழுந்தது, ஒருவர் குரல் கொடுத்தது, நான் தனியே உட்கார்ந்தது வரை. குண்டூர்ப் பையன் கவனமாகக் கேட்டான்.

"அப்போ சார், நாங்களும் அந்த வார்த்த சொல்லணுமா?" என்றான், உண்மையான சந்தேகத்தோடு.

"நான் அதைச் சொன்னேன்னு தெரிஞ்சா எங்க ஃபாதர் என்னைத் தனியாக் கூப்ட்டு உக்கார வெச்சுருவாரு," என்றார் அக்கா.

"இல்லக்கா, வேற வார்த்தை வெச்சிக்கலாம். யாரையும் குத்தாத வார்த்தையா இருக்கணும். நான் தப்பாப் போறேன்னு தெரிஞ்சா, யார் முன்னாடி இருந்தாலும் பரவால்ல, அதைச் சொல்லிடணும். நான் நின்னுடுவேன்."

"நக்கோ-ன்னு வெச்சிக்கலாமா? சின்ன வார்த்தை," என்றார் அக்கா.

"வேணாம்ங்கறதுதானே அது? குத்துதே."

அக்கா யோசித்தார். "அப்போ சாய். 'சார், சாய்?' அவ்ளோதான். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. என்னாடா சொல்றே?" என்று பையனைப் பார்த்தார்.

"சூப்பர்," என்றான் பையன்.

அன்று சாயங்காலமே கிடங்கு அறிக்கையைப் பற்றி நான் வெள்ளைப் பலகையில் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் அக்காவின் குரல்: "சார், சாய்." என் கை அப்படியே நின்றது. எழுதியதை மேலிருந்து கீழே பார்த்தேன். கூட்டல் சரி. தலைப்பு சரி. ஓர் அம்புக்குறியை அழித்துவிட்டு மாற்றிப் போட்டேன். திரும்பினால் அக்கா கண்ணாடித் தம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "இல்ல சார், நெஜமாவே சாய். ஆறிப்போவுது." மூவரும் சிரித்தோம். பையன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டுபோய்க் குகட்பள்ளியில் இரவு முழுக்க வைத்திருந்தேன். சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை. நான் தப்பே செய்யவில்லை என்பதால் இல்லை. பையன் எழுதிய ஒரு பகுதியை நான் தேவையில்லாமல் பிரித்து எழுதச் சொன்னேன். செய்துவிட்டு, அது வேலை செய்யாமல் போனதும் அமைதியாகப் பழையபடி மாற்றினான். அக்கா சோதிக்க வேண்டிய வரிசையை நான் கலைத்தேன். 'சரி சார்' என்றார். நான் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி இடைவெளி விடுவேன், குரல் வருகிறதா என்று. கம்ப்ரசர் மட்டும் ஓடும்.

ஆலையின் ஆண்டுக் கணக்கு முடிந்த சமயம். ஸ்டோர்ஸ் மேனேஜர் எங்களை அழைத்தார். கிடங்கில் இருக்கும் சரக்கை எல்லாம் எண்ணி எங்கள் மென்பொருளுக்குள் ஏற்ற வேண்டும், ஆலை ஓடாத நாளாக இருக்க வேண்டும், எப்போது முடியும் என்று கேட்டார். அக்காவும் பையனும் எனக்குப் பின்னால் சுவரோரம் நின்றிருந்தார்கள். அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் மிச்சம் இருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு உற்சாகம் வந்தால் வாய் மூளைக்கு முன்னால் ஓடும். "வர்ற ஞாயிற்றுக்கிழமையே பண்ணிடலாம் சார். எங்க டீம் முழுக்க வந்துடும். திங்கக்கிழமை காலையில புது சிஸ்டம்," என்றேன். அவர் மகிழ்ந்துபோய் மேசை நாட்காட்டியில் அந்த ஞாயிறை வட்டம் போட்டார். நான் அந்த நொடி இடைவெளியை விட்டேன். பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. சரி, எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெளியே வரும்போதுதான் அவர் வட்டம் போட்ட கட்டத்துக்குள் சின்ன எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது. ஈஸ்டர்.

அக்கா ஆலை வாசலில் சிகந்தராபாத் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"அக்கா, ஞாயிறு ஈஸ்டர்."

"ஹவ், ஈஸ்டர்தான்."

"ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாம? தவக்காலம் ஆரம்பிச்சதுலேந்து கொயர்ல கத்திக் கத்தித் தொண்டை போயிடுச்சு. எங்க அண்ணன் குடும்பம் பெங்களூர்லேந்து வருது. இப்ப வீட்டுல போய் என்னா சொல்றதுன்னுதான் யோசிச்சிட்டு நிக்கறேன்."

"அப்ப அங்கயே சொல்லிருக்கலாமே? பின்னாடிதானே நின்னுட்டிருந்தீங்க? அதுக்குத்தானே வார்த்தை வெச்சோம்?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. ரொம்ப நாள் கழித்து என் முகத்தை நேராகப் பார்த்தார் என்பதுதான் ஞாபகம் இருக்கிறது.

"கைக்கு சொல்லணும்? நீங்க சொன்ன அந்தப் பள்ளிவாசல்ல, அவரு எழுந்து நின்னாரு, பின்னாடி இருக்கறவங்க சொன்னாங்க. கரெக்ட். ஆனா அவங்க எல்லாம் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, தானா உள்ள வந்து, அவரு பின்னாடி நின்னவங்க தம்பி. எங்களை யாரு கேட்டாங்க? ஒரு மெயில் வந்துச்சு, நீங்க முன்னாடி போயிட்டீங்க. நாங்க ஒங்க பின்னாடி நிக்கலை. நீங்கதான் எங்க முன்னாடி நிக்கறீங்க."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். கூட்டத்துக்குள் அவர் கைப்பை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

தம்பி என்று அவர் வாயில் வந்ததைக்கூட அப்புறம்தான் கவனித்தேன். அப்போது என் காதில் ஓடியது வேறு. மதரஸாவில் படித்த இன்னொரு விதி. ஜமாஅத்தாக, கூட்டமாகச் சேர்ந்து தொழும்போது, இந்த இமாமைப் பின்பற்றுகிறேன் என்று பின்னால் நிற்பவர் மனதில் நிய்யத்து, அதாவது உறுதியான எண்ணம், வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அவர் பின்பற்றுகிறவரே ஆகமாட்டார். ஆனால் நான் தொழுவிக்கிறேன் என்கிற நிய்யத்து இமாமுக்குக் கட்டாயமில்லை, வெள்ளிக்கிழமை போன்ற தொழுகைகள் தவிர. சின்ன வயதில் இது எனக்கு விநோதமாக இருந்தது: முன்னால் நிற்பவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒன்றுதான், பின்னால் நிற்பவர் விரும்பியாக வேண்டும்! நான் பள்ளிவாசலிலிருந்து ஓடிவந்தபோது குரலை எடுத்துக்கொண்டு வந்தேன். குரலுக்கு முன்னால் இருந்த நிய்யத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது; அது வராமல் இருந்திருக்கலாம். பொறுப்பைக் கேட்டு வாங்காதே, கேட்டு வாங்கினால் அதோடு தனியே விடப்படுவாய், கேட்காமல் வந்தால் உனக்கு உதவி வரும் என்ற பொருளில் நபிகள் நாயகம் ஒரு தோழரிடம் சொன்னது. நான் கேட்டு வாங்கியவன். ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர் என்னிடம் 'அடுத்து என்ன செய்ய ஆசை' என்று கேட்டதும், கேள்வி முடியும் முன் 'லீட் பண்ணணும் சார்' என்றவன். 'தனியே விடப்படுவாய்' என்பதை மறுமையைப் பற்றிய எச்சரிக்கை என்றே அதுவரை நினைத்திருந்தேன். குகட்பள்ளி மாடியில் மிச்சச் சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டிருந்தபோது, அது மத்தியானச் சாப்பாட்டு மேசையைப் பற்றியும்தான் என்று பட்டது.

மறுநாள் அதே பள்ளிவாசலில் ளுஹர் தொழுதேன். முடிந்ததும் ஊருக்குப் பேசினேன். உம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார், ராத்தா எடுத்தாள். என் அக்காவைத்தான் ராத்தா என்கிறேன், எங்கள் ஊரில் அப்படித்தான்; அண்ணன் என்றால் காக்கா.

"என்னடா, கொரலு ஒரு மாதிரி ஈக்கிது? காச்சலா?"

"இல்ல. ஆபீஸ்ல யாரும் நான் சொல்றத கேக்க மாட்டேங்கறாங்க."

"புதுசா என்ன? சின்னதுல மொட்டை மாடியில எங்களையெல்லாம் வரிசையா நிப்பாட்டி நீ இமாமு வேல பாப்பியே, ஞாபகம் ஈக்கா?"

"ஈக்கிது."

"நீ குர்ஆன்ல பெரிய சூராவா எடுத்து நீட்டிக்கிட்டே போவ. எங்களுக்குக் காலு கடுக்கும். நானும் காக்காவும் மெதுவா நழுவிக் கீழ எறங்கிருவோம். சின்னதுகளும் பின்னாலயே வந்துருங்க. நீ திரும்பியே பாக்க மாட்ட. ஆளில்லாத மாடியில சத்தமா ஓதிக்கிட்டு நிப்ப. உம்மா கீழேந்து கேட்டுட்டு, 'எம் புள்ளைக்கு என்னா ராகம்'ன்னு பெருமைப்படுவாக." அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். "ஒருக்க சலாம் கொடுக்கத் திரும்புனவன் அழுதுட்டே கீழ வந்தியே!"

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அந்த மாடி மட்டும் தங்கிவிட்டது. வெயில், காய்ந்துகொண்டிருந்த விரிப்புகள், முன்னால் நின்று ஓதிக்கொண்டிருக்கும் ஒருவன். நபிகள் தொழுவிக்கும்போது பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாய் தவிப்பாளே என்று தொழுகையைச் சுருக்கிவிடுவார்களாம். முதியவர் இருப்பார், நோயாளி இருப்பார், வேலை இருப்பவர் இருப்பார், நீட்டாதே என்பது கட்டளை. இமாம் திரும்பிப் பார்க்கக்கூடாது. ஆனால் பின்னால் இருப்பவர்கள் யார், அவர்கள் வீட்டில் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அக்கா கொயரில் பாடுவது எனக்குத் தெரியும். மீன் குழம்பு நாட்களில் அவரே சொல்லியிருக்கிறார். தெரிந்ததைத் தேதி சொல்லும்போது எடுக்கவில்லை.

போனை வைத்த கையோடு ஸ்டோர்ஸ் மேனேஜரிடம் தனியாகப் போனேன். யோசித்தால் தைரியம் போய்விடும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை முடியாது, அடுத்த ஞாயிறு வேண்டும் என்றேன்.

"டேட் செப்பினதி மீரே கதா?" என்றார். தேதி சொன்னது நீங்கள்தானே என்கிறார்.

"ஆமா சார். நான் மட்டும்தான். டீமைக் கேக்காம சொல்லிட்டேன். அன்னைக்கு அவங்களுக்குப் பண்டிகை."

அவர் நாட்காட்டியைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு எங்கள் மேலாளருக்கு என் எதிரிலேயே போன் செய்து, 'உங்கள் ஆள் ஒரு நாள் ஒரு பேச்சு, மறுநாள் ஒரு பேச்சு' என்றார். நான் அங்கேயே நின்று அதைக் கேட்டேன். கடைசியில் வட்டத்தை அடித்துவிட்டு அடுத்த ஞாயிற்றில் புதிய வட்டம் போட்டார்.

அறைக்கு வந்து சொன்னேன். இந்தத் தடவை தேதியாகச் சொல்லவில்லை, கேள்வியாகக் கேட்டேன்: அடுத்த ஞாயிறு உங்களுக்கு முடியுமா? பையன் தலையாட்டினான். அக்கா, "முடியும் சார். தேங்க்ஸ்," என்றார். சார்தான். அன்றும் என் டப்பாவை நான் தனியாகத்தான் திறந்தேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டால் உடனே மேசை நிறைந்துவிடும் என்று எதிர்பார்த்திருப்பேன் போல. அப்படி ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. சரக்கு எண்ணி ஏற்றினோம், பெரிய பிழை இல்லை. ஈஸ்டருக்கு வந்த கேக்கின் மிச்சத்தை அக்கா கொண்டுவந்திருந்தார்; மேசையின் நடுவில் வைத்தார், என்னிடம் நீட்டவில்லை, என்னிடமிருந்து தள்ளியும் வைக்கவில்லை. நானே ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

இப்போது அதே ஆலையின் இன்னொரு பிரிவுக்கும் எங்கள் மென்பொருளைக் கேட்கிறார்கள். அதே மூன்று பேர். புதிய வேலை என்பதால் குழுத் தலைவர் யார் என்று மேலாளர் மறுபடி ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். நான் போன் செய்து, அனுப்பாதீர்கள் என்றேன்.

"ஏன், ரிசைன் பண்றியா?"

"இல்ல சார். அவங்க ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டு அனுப்புங்க. யாரை வெச்சா வேலை செய்வாங்கன்னு."

"எலெக்‌ஷனா? நீயே தோத்துட்டா?"

"தோத்துட்டா அவங்க சொல்ற ஆள் லீட் பண்ணட்டும். நான் கோடு எழுதறேன்."

அவர் சிரித்தார். "ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு. சரி, செய். ஆனா சம்பளம் கம்மியாச்சுன்னா எங்கிட்ட வந்து அழாதே."

மக்கள் வெறுத்துக்கொண்டு பின்னால் நிற்க, முன்னால் நின்று தொழுவிப்பவரின் தொழுகை மேலே போவதில்லை என்ற கருத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. அவர்கள் என்னை வெறுக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. வெறுப்பு பெரிய வார்த்தையாகக்கூட இருக்கலாம். ஆனால் தெரிந்துகொள்ளாமல் இன்னொரு முறை முன்னால் போய் நிற்க எனக்கு மனமில்லை. அந்தப் பதவி எனக்கு வேண்டும். இல்லை என்று சொன்னால் பொய். அக்கா நின்றால் என்னைவிட நன்றாக நடத்துவார் என்பதும் எனக்குத் தெரியும். அப்படி ஆனால் வரிசையில் நிற்கவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். முன்னால் ஒருவர் மறந்தால் நேரம் பார்த்து, குத்தாமல், சரியான சத்தத்தில் சொல்ல வேண்டும். அதுவும் எனக்குத் தெரியாத வேலைதான்.

நாளை திங்கட்கிழமை. காலைக் கூட்டத்தில் மேலாளர் சொன்னதைச் சொல்லிவிட்டு, கேள்வியை அவர்கள் இருவர் முன்னால் வைக்கப் போகிறேன். நான் அங்கே உட்கார்ந்திருந்தால் அக்கா மரியாதைக்கு ஏதாவது சொல்லிவிடுவார், பையன் அக்காவைப் பார்த்துத் தலையாட்டிவிடுவான். அதனால் அறைக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, கம்ப்ரசர் கொட்டகைப் பக்கம் போய் நிற்பேன். அங்கே நின்றால் உள்ளே பேசுவது ஒரு வார்த்தையும் கேட்காது. அவர்கள் கதவைத் திறக்கும் வரை நிற்பேன்.